சிரட்டைத் தண்ணீர்

"மழையே இல்லையேம்மா, இந்தப் பூனை மட்டும் எப்படி நனைஞ்சு வருது?" என்று யுவராணி கேட்டாள்.

மழை பொய்த்த எண்பத்தேழில், ரெட்டியபட்டியில் அவர்கள் வீட்டோடு தானாக ஒட்டிக்கொண்ட பூனை அது. விடியலில் சொட்டச் சொட்ட வந்து நிற்கும். அம்மா மாரிக்கனி அதை முந்தானையால் துவட்டிவிட்டு, சிரட்டையில் குடிக்கத் தண்ணீர் வைப்பாள்.

"அங்க பருத்தி கருகுது. இங்க விருந்தாளிக்கு ஊத்துறியாக்கும்?" என்றான் அவள் புருசன் ஆண்டிச்சாமி.

"வாயில்லாச் சீவன். என் பங்குலதான் ஊத்துறேன், விடுங்க."

மழை வேண்டிக் கஞ்சி காய்ச்ச ஓர் இரவு ஊரே கோயிலில் கூடியிருந்தது. விடியலில் திரும்பும் வழியில் மாரிக்கனியும் ஆண்டிச்சாமியும் தங்கள் புஞ்சைக்குப் போனார்கள். வானத்தில் மேகமில்லை. பருத்தியின் தூரெல்லாம் நனைந்திருந்தது. செடிக்குச் செடி, ஈரமண்ணில் பூனையின் காலடி.

வீட்டில் பூனை உறங்கிக்கொண்டிருந்தது. முதல் தடவையாக அதன் உடம்பு காய்ந்திருந்தது.