ஹெட்டி கத்த வேண்டிய இடம்

புகை வந்ததும் கத்த வேண்டும். அதுதான் ஹெட்டியின் வேலை.

இரண்டாம் வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். அத்தனை பேரும் கேட்ட வேலை அது. சீட்டுக் குலுக்கியதில் ஹெட்டிக்கு விழுந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து வகுப்பில் வேறு பேச்சே இல்லை. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ரொட்டிக்கடையில் பிடித்த தீ லண்டன் நகரத்தையே தின்ற கதைதான் பாடம். கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டிகளில் ஆளுக்கொரு வீடு கட்டினார்கள். கறுப்பு மையால் மரச்சட்டம் வரைந்தார்கள். வைக்கோல் ஒட்டிக் கூரை போட்டார்கள்.

இன்று அந்தத் தெரு முழுக்க விளையாட்டுத் திடலில் வரிசையாக நின்றது. கொளுத்தப் போகிறார்கள். நிஜமாகவே. நிஜமான தீயணைப்பு வண்டியை அருகில் நிறுத்திக்கொண்டு.

ஒருவருக்கும் கால் தரையில் பாவவில்லை.

ஆல்ஃபிதான் நகரத்தின் மேயர். வீட்டுத் திரைச்சீலையைத் தோளில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். “தீயாவது ஒண்ணாவது, நான் தூங்கப் போறேன்” என்று அவன் சொல்ல வேண்டியதைக் காலையிலிருந்து நாற்பது முறை சொல்லிவிட்டான்.

ஹெட்டி, ரொட்டிக்கடை வேலைக்காரி. முதலில் புகையைப் பார்ப்பவள். நான்கு நாளாகக் குளியல் தொட்டியில் உட்கார்ந்து கத்திப் பழகியதில் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை சுவரைத் தட்டினார். நாய் சோபாவுக்கு அடியில் போனது, சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தது.

கயிற்றுக்குப் பின்னால் ஜோடி ஜோடியாக நின்றார்கள். ஹெட்டிக்கு ஜோடி மேபல், எப்போதும் போல. மேபலுக்கு வாளி தூக்கும் வேலை. குளிரில் அவள் மூக்கு சிவந்திருந்தது.

“கயித்தைத் தாண்டி ஒரு கால் வந்துச்சு, அந்தக் காலோட ஆளும் நேரா வகுப்புக்குப் போயிடும்!” என்றாள் டீச்சர் மிஸ் ஆக்ராய்ட். அவளுக்கும் கண்ணெல்லாம் பளபளத்தது. நீளமான மஞ்சள் மஃப்ளர் முதுகுப் பக்கம் முழங்கால்வரை தொங்கியது.

தீயணைப்பு வீரர் குனிந்து ரொட்டிக்கடையின் சன்னலுக்குள் நெருப்பை வைத்தார்.

“இப்பவா மிஸ்?”

“புகை வரட்டும் கண்ணு.”

புகை வந்தது. முதலில் நூல்போல. பிறகு கொத்தாக. ஹெட்டி மூச்சை இழுத்தாள், கோட்டுப் பொத்தான் தெறித்துவிடும்போல இழுத்தாள், வாயைத் திறந்தாள்.

“தீ! மிஸ்! மஃப்ளர்! தீ!”

அது ஹெட்டியின் குரல் இல்லை.

மிஸ் ஆக்ராய்ட் திரும்பிப் பார்த்தாள். காற்றில் பறந்து வந்த வைக்கோல் ஒன்று மஞ்சள் குஞ்சத்தில் ஒட்டிக்கொண்டு குட்டிக் கொழுந்தாக எரிந்துகொண்டிருந்தது. அவள் மஃப்ளரைக் கழற்றுவதற்குள் வீரர் குழாயைத் திறந்தார்.

மஃப்ளர் அணைந்தது. கூடவே மிஸ் ஆக்ராய்டும் தலையிலிருந்து பூட்ஸ்வரை அணைந்தாள்.

திடலே வெடித்துச் சிரித்தது. ஆல்ஃபி திரைச்சீலையோடு தரையில் உருண்டான். அந்தப் பக்கம் லண்டன் வீடு வீடாக எரிந்து, நீலக் காகித ஆறுவரை போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருவரும் பார்க்கவில்லை.

ஹெட்டி மட்டும் சிரிக்கவில்லை. நான்கு நாள் பழகிய கத்தல் தொண்டையிலேயே நின்றது. தண்ணீர் சொட்டிய டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“மிஸ், அது நான் கத்த வேண்டியது! இவ முந்திக்கிட்டா! இந்த மேபல்…”

பேரைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அப்படியே நின்றாள்.

பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்களும். கடைசியாக ஆல்ஃபி தரையில் கிடந்தபடியே வாயை மூடினான்.

மிஸ் ஆக்ராய்ட் தேங்கிய தண்ணீரிலேயே முழங்காலிட்டு மேபலுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். தாடை நடுங்கியது. குளிராகவும் இருக்கலாம்.

விஷயம் தெரியாதவர் தீயணைப்பு வீரர் ஒருவர்தான். “அடேயப்பா, என்னா தொண்டை! எங்க வண்டியில சைரனுக்குப் பதிலா உன்னை வெச்சுக்கலாம் போலிருக்கே. உன் பேரென்ன பாப்பா?”

பழக்கதோஷத்தில் ஹெட்டியின் வாய் தானாகத் திறந்தது.

நாலு வயதில் பள்ளிக்கு வந்த முதல் நாளிலிருந்து மேபலுக்காக அவள்தான் சொல்லி வந்தாள். வருகைப் பதிவில், ‘மேபல் வந்திருக்கா மிஸ்.’ சாப்பாட்டு வரிசையில், ‘மேபலுக்குப் பட்டாணி வேணாம்.’ விழுந்து அடிபட்டால், ‘மேபலுக்கு வலிக்குதாம்.’ இரண்டு வருஷத்துக்கு மேலாகியும் மேபலின் குரல் எப்படி இருக்கும் என்று அந்தப் பள்ளியில் யாருக்கும் தெரியாது. ஹெட்டிக்கும்கூட.

ஹெட்டி தன் கம்பளிக் கையுறையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

கடைசி வீட்டுக் கூரை சடசடவென்று சரிந்தது. யாரும் திரும்பவில்லை.

“மேபல்” என்றாள் மேபல்.