ஊதா நீர்

சலவைக்கடைக் கொல்லையில், நிலத்தடி நீரைச் சோதிக்க மண்ணில் இறக்கிய குழாயிலிருந்து பொறியாளர் மிசோகுச்சி நீர் மொள்கிறார். கடைக்காரி ஹட்சுயே பக்கத்தில் நிற்கிறாள். அவள் துணிக்கறை நீக்கிய திரவம் மண்ணில் இறங்கித்தான் பக்கத்து டோஃபு (சோயாக் கட்டி) கடைக் கிணறு கெட்டது. ஊதா மருந்தை மண்ணுக்குள் செலுத்துவதும், நஞ்சை அழிப்பதிலேயே அது செலவாகி நீர் நிறமில்லாமல் வருவதுமாக இரண்டு ஆண்டுகள் போய்விட்டன. “என்னம்மா, இன்னிக்கும் வெறுந்தண்ணிதானா?” என்கிறார் வேலிக்கு அப்பால் டோஃபு கடைக்காரர் இவாசா. மிசோகுச்சி குப்பியை வெயிலில் தூக்கிக் காட்டுகிறார். கத்தரிப்பூ நிறம். “போன மாசம் விட்ட மருந்துங்க. அப்படியே இருக்கு. அழிக்க அங்க இனி நஞ்சு இல்ல.” இவாசா எட்டிக் குப்பியை வாங்குகிறார். குப்பி வேலியில் இடிபட, ஹட்சுயேயின் வெள்ளை மேலங்கியில் இரண்டு சொட்டு தெறிக்கிறது. “ஐயோ, கறை! சீக்கிரம் அலசுங்க,” என்று பதறுகிறார். “இருக்கட்டுங்க, இவாசா-சான்,” என்று அவள் அந்த ஈரத்தின் மேல் கையை வைத்துக்கொள்கிறாள்.