ஏழு பேரும் ஒரு லிஃப்டும்

“உன்னை நாங்க எதுக்கு எடுக்கணும்?”

டை கட்டிய அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எதிரே இருந்த கடைசி வருட மாணவி வாயைத் திறப்பதற்குள், “வேண்டாம், மூடிக்கோ. நீ நடந்து வர்றப்பவே தெரிஞ்சுபோச்சு” என்றார்.

“கொஞ்சம் மேசையைக் காலி பண்றீங்களா? தட்டு வைக்கணும்” என்று கேட்டுக்கொண்டே வந்தாள் வீட்டுக்காரி.

அதிகாரி அவளுடைய கொழுந்தன். மாணவி அவள் மகள். கம்பெனிகள் ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கச் சித்தப்பாவைத்தான் வெளியிலிருந்து அழைக்கிறார்கள் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாதம் மூன்று தடவையாவது டையும் கோப்புமாகக் கிளம்புகிறவரை யார் என்ன கேட்பது?

“இருங்க அண்ணி. நாளைக்கு இவ போறது நாலாவது கம்பெனி. வகுப்புல எல்லாருக்கும் வேலை கிடைச்சாச்சு. இதையும் கோட்டை விட்டா, துணிக்கடையில மடிச்சு வைக்கத்தான் போகணும்.”

“நீங்கதான் எப்படியாவது தேத்தி விடணும்.”

“களிமண்ணைக் குடுத்துட்டுத் தேத்துன்னா எப்படி? சரி, சொல்லு. நெருக்கடியில சமாளிச்ச ஒரு சம்பவம்.”

“ப்ராஜெக்ட் குடுக்கற அன்னிக்கு லேப் கம்ப்யூட்டர் படுத்துடுச்சு சித்தப்பா. மத்தவங்க அழுதாங்க. நான் குப்பைக்கூடையில கிடந்த பழைய பிரிண்ட்டையெல்லாம் பொறுக்கி, சாயங்காலத்துக்குள்ள மறுபடி டைப் அடிச்சுட்டேன்.”

“குப்பைக்கூடையா? கேக்கறவன் மூக்கைப் பொத்திக்குவான். நான் சொல்றதை எழுதிக்கோ. லிஃப்ட்ல ஏழு பேர். கரண்ட் போயிடுது. ஒரு அம்மாவுக்கு மூச்சு முட்டுது. நீ என்ன பண்றே? எல்லாரையும் சேர்ந்து பாடச் சொல்றே!”

“நான் லிஃப்ட்ல மாட்டினதே இல்லையே?”

“உண்மையைச் சொல்ல நீ என்ன கோர்ட்டுக்கா போறே? ஒப்பி, போதும்.”

சாப்பிட்டுக் கை கழுவும்போது இன்னொன்றும் சொன்னார். “கைக்குட்டை ரெண்டா எடுத்துக்கோ. அங்க வெளியில போட்டிருக்கிற பெஞ்சுக்கு ஃபேன் காத்து எட்டாது. உன்னைக் கூப்பிடறதுக்குள்ள தொப்பலா நனைஞ்சிடுவே.”

“எல்லாத்தையும் விரல் நுனியில வெச்சிருக்கார் பாரு” என்று அம்மா பூரித்தாள்.

மறுநாள் மூன்று மணிக்கு மகள் திரும்பினாள். எங்கோ கிளம்பத் தயாராக டை கட்டிக்கொண்டிருந்த சித்தப்பா கண்ணாடியிலிருந்து திரும்பக்கூட இல்லை.

“என்ன, மூஞ்சியைப் பார்த்தே அனுப்பிட்டாங்களா? சொல்லிக் குடுத்ததையாவது ஒழுங்கா ஒப்பிச்சியா?”

“ஒப்பிச்சேன். ‘எல்லாரையும் பாடச் சொன்னேன்’னதும் கேள்வி கேட்ட மூணு பேரும் பேனாவைக் கீழே போட்டுட்டுச் சிரிச்சாங்க.”

“பார்த்தியா! அசந்துட்டாங்க.”

“அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, ‘இப்ப உன் சொந்தக் கதையைச் சொல்லும்மா’ன்னாங்க. குப்பைக்கூடையைச் சொன்னேன். வேலை போட்டுக் குடுத்துட்டாங்க.”

மகள் நீட்டிய வேலைக் கடிதத்தை அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “எல்லாம் சித்தப்பா புண்ணியம்டி!”

“பின்னே? கல்லையும் பேச வெச்சவனாச்சே நான்” என்று முடிச்சை இறுக்கினார் சித்தப்பா. “என்னைப் பத்தி ஏதாவது கேட்டிருப்பாங்களே?”

மகள் மேசைக்கு அந்தப் பக்கம் போய், அவருடைய நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“கேட்டாங்க சித்தப்பா. ‘வருஷா வருஷம் இதே லிஃப்டைத் தூக்கிட்டு இங்க வேலை கேட்டு வர்றாரே டை கட்டின ஒருத்தர், அவருக்கு நீ என்ன வேணும்?’னு.”