ரொம்ப ஓவர்

சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு இல்லை. இரண்டு பேட்டரிகள் உட்கார்ந்திருக்கின்றன. செங்கல் கனத்தில் பழைய ஈய பேட்டரி, அதில் பாதிகூட இல்லாத புது லித்தியம். ரேடியோவைக் குன்றுக்குத் தூக்கிப் போய் எங்கெங்கோ இருப்பவர்களோடு பேசுகிற அப்பா, இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்க்கிறார். சாயங்கால வெயில் சார்ஜர் ஒயரின் மேல் சோம்பிக் கிடக்கிறது. ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்த அம்மா, ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். அப்பா ஆரம்பிக்கிறார்: “பழசைத் தூக்கினா தோள் விட்டுப்போகுது. புதுசு லேசு. ஆனா பழைய சார்ஜர்ல போட்டா அதோட ஆயுசு போயிடும். தனி சார்ஜர் வாங்கணும். அதுலயும் மெதுவா ஏத்துறதா, வேகமா ஏத்துறதா...” அம்மா கண்ணைத் திறக்கவில்லை. “ஒரு மாசமா இதே பேச்சு. ரொம்ப ஓவர்.” அப்பா சட்டென்று நிறுத்துகிறார். ரேடியோவில் எதிராளி ‘ஓவர்’ என்றால், இனி இவர் பேச வேண்டும் என்று அர்த்தம். பழக்க தோஷம், வாய் திறக்கிறது; பேட்டரியைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. லித்தியத்தை மேஜையில் வைத்துவிட்டு, குனிந்து அம்மாவின் ஷூ நாடாவை அவிழ்க்கிறார். “கால் ரொம்ப வலிக்குதா?” கொஞ்சம் காத்திருந்துவிட்டு, மெல்லச் சொல்கிறார்: “ஓவர்.”