ஐயாசாமியின் வீரமரணம்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு ஐயாசாமி மறுபடியும் சாகவிருந்தார். அதற்காகவே முகச் சவரம் செய்து, சட்டை மாற்றி, சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் பத்து நிமிஷம்," என்றார், எதிரில் இருந்த திருச்செல்வத்திடம். "கண்ணச் சிமிட்டிடாதீங்க. நான் செத்துருவேன்."

திருச்செல்வம் பெக்கோக் ரப்பர் தோட்டத்துப் பழைய ஆட்களின் ஒன்றுகூடலுக்குச் செயலாளர். அடுத்த வாரம் விழா. ஐயாசாமிக்குப் பொன்னாடை, மாலை, 'திரைத் தியாகி' என்று ஒரு பட்டம். அழைப்பிதழ்கூட அச்சாகிவிட்டது. பேனருக்கு அவர் செத்துக்கிடக்கும் படம்தான் பாக்கி.

"பேரப் பெருசாப் போடுங்க," என்றார் ஐயாசாமி. "பஸ்ல போறவனுக்கும் தெரியணும்."

நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன் வெள்ளைக்காரர்கள் அந்தத் தோட்டத்தில், ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி ஒரு போர்ப் படம் எடுத்தார்கள். பால்மரம் சீவிக்கொண்டிருந்த ஐயாசாமியைப் பிணமாகக் கிடக்கக் கூப்பிட்டார்கள். அன்றோடு அவர் நடிகராகிவிட்டார். சோறு மட்டும் பால்மரம்தான் போட்டது.

தோட்டத்தை விட்டுக் குடிவந்த தெப்ராவ் வீட்டில் இப்போது வாராவாரம் போர்ப் படம். எந்த நாட்டுப் போர் என்பது முக்கியமில்லை, பிணம் இருந்தால் போதும். "இதெல்லாம் ஒரு பொணமா? மூக்கு வெடைக்குது பாரு," என்பார். "இவனுக்கெல்லாம் யாரு வேலை குடுத்தா?"

குண்டு வெடிக்கும் இடங்களில் மட்டும் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவாம். அவர்களைப் பற்றி ஐயாசாமி கவலைப்படுவது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அவர் மனைவி புஷ்பவள்ளி இந்தப் படத்தை ஒருமுறைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை. டைல்ஸ் தரையில் மெட்டி டிக் டிக்கென்று தட்ட வந்து, தேத்தண்ணியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

"ரசனை கெடையாது," என்று ஐயாசாமி அவருக்காக வருத்தம் தெரிவித்துக்கொண்டார்.

இத்தனை வருடமும் வந்தவர்களுக்கெல்லாம் பூஞ்சை பிடித்த வீடியோ கேசட்டில்தான் அந்தக் காட்சியைக் காட்டியிருந்தார். அதில் பிணம் எது, மரக்கட்டை எது என்று அவர் சொன்னால்தான் தெரியும். இப்போது சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் செல்வா எழுபத்தைந்து அங்குல டிவி வாங்கிப் போட்டிருந்தான். படத்தையும் யாரோ புண்ணியவான்கள் துடைத்துப் பளிச்சென்று வெளியிட்டிருந்தார்கள்.

"வருது, வருது!"

திரையில் ஒரு லாரி வெடித்தது. ஐயாசாமியின் கை முன்பே சத்தத்தைக் குறைத்திருந்தது. புகை விலகியதும் பால்மரங்களுக்கு நடுவே கட்டம் போட்ட சட்டை, கைலி, தலையில் சுற்றிய துண்டுடன் ஓர் உருவம் குப்புறக் கிடந்தது. வெறும் பாதங்கள் இரண்டும் கேமராவைப் பார்த்து நீண்டிருந்தன.

"ஸ்டாப் பண்ணுங்க அங்கிள்!" திருச்செல்வம் கைபேசியை உயர்த்தினார். ஐயாசாமி படத்தை நிறுத்தினார்.

"மூச்சு தெரியுதா பாருங்க. தெரியாது! டைரக்டரே எந்திரிச்சிக் கை தட்டினாரு."

திருச்செல்வம் படம் எடுக்கவில்லை. டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தவர் திகைத்தார். "அலமாக்... கால் வெரல்ல என்னமோ மின்னுது அங்கிள்."

"அதுவா? குண்டுச் சில்லு. தெறிச்சு வந்து பட்டுச்சு. அசைஞ்சேனா? அசையலயே!"

"ரெண்டு கால்லயுமா?"

"சண்டைன்னா அப்படித்தான்."

"ரெண்டு கால்லயும் அதே வெரல்லயா? வட்டமா வேற இருக்கு லா."

ஐயாசாமி டிவியை அணைக்கப் பார்த்தார். பதறியதில் சத்தம் கூடிப் படம் ஓடியது. அடுத்த குண்டு வீடே அதிர வெடித்தது.

திரைத் தியாகி சோபாவுக்குப் பின்னால் இருந்தார்.

திருச்செல்வம் படத்தைப் பின்னோக்கி ஓட்டி மறுபடி அதே பாதங்களில் நிறுத்தினார். "அங்கிள், நெசமா சொல்லுங்க. இது நீங்கதானா?"

"சட்டையப் பாருங்க!" என்றது சோபாவின் பின்னாலிருந்து குரல். "அது என் சட்டை! தோட்டத்துல யாரை வேணாலும் கேளுங்க!"

டிக் டிக்கென்று புஷ்பவள்ளி வடைத் தட்டோடு வந்தார்.

"சட்டை அவரோடதுதான் தம்பி," என்றார். "முத வெடிக்கே கழட்டி என் கையில குடுத்துட்டு ஓடிட்டாரு."

தட்டை வைத்துவிட்டு, டிவியை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"மெட்டி என்னோடது."