மூன்றாவது கோப்பை

தேயிலைக் கடை மேசையில் மூன்று கோப்பைகளில், பால் சேர்க்காத, மென்மணம் கொண்ட வெள்ளைத் தேநீர் ஆவி விடுகிறது. நான்கு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலில் வாசனையே தெரியாமல் போன மனைவியைக் கணவர் அழைத்து வந்திருக்கிறார். முதல் கோப்பை வெறும் தேயிலை மொட்டு, இருப்பதிலேயே உசத்தி. "வெந்நீர்," என்கிறாள். மொட்டும் தளிரும் கலந்த இரண்டாவதும் வெந்நீர்தான். "அது முத்தின இலைம்மா, சும்மா ஒரு இதுக்கு வெச்சேன்," என்று கடைக்காரர் மூன்றாவதை எடுக்கப் போகிறார். அதற்குள் அவள் குடித்துவிடுகிறாள். மூக்குக்கண்ணாடியில் படிந்த ஆவி மெல்லக் கலைகிறது. இன்னொரு வாய் குடிக்கிறாள். "என்னங்க, இதுல வைக்கோல் வாசனை அடிக்குது." கடைக்காரரின் முகம் சுண்டிப்போகிறது. கணவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறார். "நல்லா மோந்து பாத்து சொல்லு." "வைக்கோலேதாங்க." அவர் கடைக்காரர் பக்கம் திரும்புகிறார். "இதுலயே ஒரு கிலோ போடுங்க."