இன்னும் கொஞ்சம் பதிச்சு விடு

"அத்தான், ஒருக்கா வெளியில வந்து பாருங்கோவன்!"

ஆரணனின் குரல் கேட்டதும் இராஜேந்திரன் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். வாசலில், அவருடைய பழைய டொயோட்டாவுக்குப் பின்னால், வெள்ளை வெளேரென்று ஒரு மஸ்டாங் நின்றது. கையிலிருந்த தேநீர் அவருக்குக் கசந்துவிட்டது.

மஸ்டாங்! லண்டனுக்கு வந்த காலத்திலிருந்து அவர் கனவில் ஓட்டுகிற கார். யூடியூபில் அதன் என்ஜின் சத்தத்தை மட்டும் போட்டுக் கேட்கிற மனிதர் அவர். வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு, மகளின் கல்யாணம் என்று ஒவ்வொன்றாக வந்து அந்த ஆசையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தன. இப்போது அதே காரில் வந்து இறங்கியிருக்கிறான் மனைவியின் தம்பி.

"உவனை இஞ்ச படிக்கக் கூப்பிட்டது ஆர்? நான். மேல் அறையில வைச்சுச் சோறு போட்டது ஆர்? நான்." மனைவி கனகாம்பிகையிடம் பல்லைக் கடித்தார். "இண்டைக்கு எனக்கே கார் காட்ட வந்திட்டான்."

"சோறு போட்டது நான்," என்றாள் கனகாம்பிகை. "போய்ப் பாருங்கோ. பாவம், ஆசையா வந்து நிக்கிறான்."

வேண்டா வெறுப்பாக இராஜேந்திரன் வெளியே போனார். ஆரணன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அத்தான், கொம்பனிக்காரன் தந்த மாதிரியே வைச்சிருக்க விருப்பமில்லை. பாக்கிறவன் இது ஆரின்ர கார் எண்டு கேக்க வேணும். உங்களுக்குத்தான் இந்த விஷயமெல்லாம் தெரியும். பொனட்டில ரெண்டு கோடு போடுறதெண்டா என்ன கலர் போடலாம்?"

இராஜேந்திரனுக்கு விடை தெரியும். கருநீலம். வெள்ளைக் காரில் மெல்லியதாக இரண்டு கருநீலக் கோடுகள். அவருடைய கனவுக் காரில் அதுதான் இருந்தது. அந்த அழகைத் தூக்கி இவனுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? வயிறு எரிந்தது. இது பொறாமைதான் என்று அவருக்கே விளங்கியது. விளங்கியும் அடங்கவில்லை.

"கத்தரிப்பூக் கலர்," என்றார். "நல்ல அகலமாப் போடு."

"கத்தரிப்பூவோ?" வாசற்படியில் நின்ற கனகாம்பிகை திடுக்கிட்டுப்போனாள். "இஞ்சருங்கோ, உண்மையாவே உங்களுக்கு அது பிடிக்குமோ?"

"எனக்குப் பிடிச்ச கலரே அதுதான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கத்தரிப்பூக் கோடுகளோடு கார் வந்து நின்றது. பஸ்ஸுக்குப் போனவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று இராஜேந்திரன் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

"நாலு சில்லுக்கும் என்ன கலர் அடிக்கலாம் அத்தான்?"

"தங்கக் கலர். ஈஸ்ட் ஹாம் நகைக்கடை மாதிரிப் பளபளவெண்டு இருக்க வேணும்."

அதையும் அவன் அப்படியே செய்தான். இவனுக்குக் கண் இல்லையா, அல்லது காசு கூடிவிட்டதா என்று இராஜேந்திரனுக்குப் புரியவில்லை. என்றாலும் மனம் குளிர்ந்தது. ஆனால் ஆரணன் புறப்படும்போது அந்த என்ஜின் உறுமியது. உடனே பழையபடி வயிறு எரியத் தொடங்கியது.

மூன்றாவது முறை வந்தபோது ஆரணன் சொன்னான், "அத்தான், ஸ்ப்ரிங்கை மாத்தி, உயரத்தைக் குறைச்சுக் காரைப் பதிச்சு விடலாம் எண்டு கராஜ்காரன் சொல்லுறான். கொஞ்சம் பதிஞ்சு நிண்டாப் போதும்தானே?"

இராஜேந்திரன் தெருவைப் பார்த்தார். கார்கள் வேகமாகப் போகக்கூடாது என்று கவுன்சில் வரிசையாகப் போட்டுவைத்த ஹம்பு மேடுகள் அவர் கண்ணில் பட்டன.

"கொஞ்சமோ? பதிக்கிறதெண்டா ஒழுங்காப் பதிக்க வேணும். நிலத்தோட முட்டுற மாதிரி விடு. அதுதான் ஸ்டைல்."

ஆரணன் போனதும் கனகாம்பிகை அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ்வளவு பதிச்சா ஹம்பில அடி உரஞ்சாதோ?"

"உரஞ்சட்டும். உரஞ்சினா இந்தப் பக்கம் வராமல் இருப்பான்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. தம்பிக்குப் போன் பண்ணி மாத்தச் சொல்லட்டோ?"

"ஏலாது! நான் சொன்னாச் சொன்னதுதான்."

கனகாம்பிகை தலையில் கையை வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். தம்பி மீது இவ்வளவு பாசமா என்று இராஜேந்திரனுக்கு அதிலும் ஒரு எரிச்சல்.

அவருடைய அறுபதாவது பிறந்தநாள் வந்தது. மகளும் மருமகனும் கேக்கோடு வந்திருந்தார்கள். மெழுகுதிரி கொளுத்தப் போன நேரம், தெருமுனையில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'கர்ர்ர்'. ஒவ்வொரு ஹம்பாக அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டு மஸ்டாங் வந்தது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான சங்கீதத்தை இராஜேந்திரன் கேட்டதே இல்லை. கேக்கை விட்டுவிட்டு வெளியே ஓடினார்.

கத்தரிப்பூக் கோடு, தங்கச் சில்லு, நிலத்தோடு ஒட்டிப்போன உடம்பு. எதிர்வீட்டுக்காரன் ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். ஆரணன் கதவைத் திறந்து, கையை ஊன்றி, முக்கி முனகி எழும்பினான்.

"அத்தான், உங்களுக்கு நல்லாப் பிடிச்சிருக்கோ?"

"சொல்லி வேலையில்லை!" இராஜேந்திரன் அவன் முதுகில் தட்டினார். பொறாமை முழுதும் தீர்ந்து, அவர் முகம் மலர்ந்திருந்தது. "இதை வித்துப் போடாதை. செத்தாலும் இதிலதான் வேலைக்குப் போக வேணும், கோயிலுக்குப் போக வேணும். சத்தியம் பண்ணு!"

"அதை நீங்கள்தான் பண்ண வேணும்." ஆரணன் கண்கலங்கச் சாவியை அவருடைய உள்ளங்கையில் வைத்து மூடினான். "அக்காவும் நானும் சேந்து உங்கட பிறந்தநாளுக்கு வாங்கின கார் அத்தான் இது."